வில் வேட்டைக்கு ரேஞ்ச்ஃபைண்டர் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ரேஞ்ச்ஃபைண்டர் என்பது லேசரால் தூரத்தை அளந்து சொல்லும் சிறு கருவி. அது எதற்கு என்று பார்க்க, நொடிக்கு 280 அடி வேகத்தில் அம்பு விடும் ஒரு காம்பவுண்ட் வில்லை (கப்பி வைத்த நவீன வில்) எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகும் பலரின் வில் ஏறக்குறைய இந்த வேகத்தில்தான் இருக்கும். அதிலிருந்து கிளம்பும் அம்பு 20 யார்டு (ஒரு யார்டு மூன்று அடி) போவதற்குள் சுமார் 9 அங்குலம் கீழே இறங்கிவிடுகிறது. 30 யார்டில் 20 அங்குலம், 40 யார்டில் 35 அங்குலம். இந்த இறக்கத்தை ஈடுகட்டத்தான் வில்லில் குறிபார்க்கப் பொருத்தும் சைட்டில் 20, 30, 40 என்று தூரத்துக்கு ஒன்றாகப் பின்கள், அதாவது சிறு குறிமுனைகள், வைக்கிறோம்.

மான் 30 யார்டில் நிற்கிறது என்று கண்ணால் கணித்து, 30-க்கான பின்னை வைத்து விடுகிறீர்கள். உண்மையில் அது 35-ல் நின்றால் அம்பு மூன்று, மூன்றரை அங்குலம் தாழப் போய்ப் படும். 40 என்று நினைத்தது 45 ஆக இருந்தால் ஐந்து அங்குலம் வரை தாழும். வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி சுமார் 8 அங்குல அகலம்தான். நடுவில் குறிவைத்தாலும் சுற்றிலும் நமக்குக் கிடைப்பது நாலு அங்குலம். அதைத் தாண்டினால் மான் காயத்தோடு ஓடி, ராத்திரி முழுக்கக் காட்டில் கிடந்து சாகும். ஐந்து யார்டு கணிப்புப் பிழைக்கு அந்த உயிர் கொடுக்கும் விலை அது. ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கும்போது நான் முதலில் யோசிப்பது இதைத்தான்.

ஒரு விஷயத்தை முன்பே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு விலங்குகளை வேட்டையாடுவது குற்றம். இந்தக் கட்டுரை அமெரிக்காவில் உரிமம் எடுத்து, சீசனில், அந்தந்த மாநில விதிப்படி வில் வேட்டைக்குப் போகிறவர்களுக்கானது.

முதல் படி: உங்கள் தூரம் எவ்வளவு என்று முடிவு செய்யுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். விஸ்கான்சின், ஒஹாயோ, அயோவா பக்கம் மரத்தில் பரண் கட்டி உட்கார்ந்து வெள்ளைவால் மானுக்குக் காத்திருப்பவர் விடும் அம்புகளில் பெரும்பாலானவை 15 முதல் 30 யார்டுக்குள் முடிந்துவிடும். கொலராடோ, மொன்டானா மலைகளில் எல்க் என்னும் பெரிய மானின் பின்னால் நடப்பவருக்கு 40, 50 யார்டு வாய்ப்புகள் வரும். அதுவும் சரிவில், மேலும் கீழுமாக. இந்த இரண்டு பேருக்கும் தேவைப்படும் கருவி ஒன்றல்ல.

பயிற்சி மைதானத்தில் 60 யார்டில் அம்பு போடத் தெரிவதும், 60 யார்டில் நிற்கும் மானை அடிப்பதும் வேறு வேறு. சத்தம் நொடிக்கு சுமார் 1,125 அடி வேகத்தில் போகிறது. நமது அம்போ 280 அடி. 30 யார்டில் நிற்கும் மானுக்கு நாண் அடித்த சத்தம் போய்ச் சேர்ந்து கிட்டத்தட்ட கால் நொடி கழித்துத்தான் அம்பு வருகிறது. பதற்றத்தில் இருக்கும் மான் அந்தக் கால் நொடியில் காலை மடக்கி உடம்பைத் தாழ்த்திவிடும். தூரம் கூடக் கூட அதற்குக் கிடைக்கும் நேரமும் கூடுகிறது. எந்த ரேஞ்ச்ஃபைண்டரும் இதைச் சரிசெய்யாது. அதனால் உங்கள் எல்லையைக் கருவியிடம் விடாமல் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அந்த எல்லைக்குள் துல்லியமாக வேலை செய்யும் கருவியைத் தேடினால் போதும்.

இரண்டாம் படி: பெட்டியில் உள்ள பெரிய எண்ணை ஒதுக்கிவையுங்கள்

1,000 யார்டு, 1,800 யார்டு, 4,000 யார்டு என்று பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது நன்றாக ஒளியைத் திருப்பி அனுப்பும் பலகை போன்ற பொருளுக்கான தூரம். அதே கருவி மரத்தை அதைவிடக் குறைந்த தூரத்திலும், மானின் ரோமத்தை இன்னும் குறைந்த தூரத்திலும்தான் அளக்கும். துப்பாக்கிக்காரருக்கு அந்தக் கணக்கு முக்கியம். நமக்கு அந்த எண்ணால் ஆகப்போவது ஒன்றுமில்லை. மானுக்கு 300 யார்டு வரை அளக்கும் சாதாரணக் கருவியே நமக்குத் தாராளம்.

நாம் தேட வேண்டியது எதிர்முனையில் இருக்கிறது. எவ்வளவு கிட்டத்தில் அளக்கும்? சில கருவிகள் 5 யார்டிலிருந்து அளக்கும். சிலவற்றுக்கு 10 யார்டுக்குக் கீழே எண்ணே வராது. பரணுக்கு நேர் கீழே மான் வந்து நிற்பது அபூர்வமில்லை என்பதால் 5 அல்லது 6 யார்டில் தொடங்குவதை எடுங்கள்.

துல்லியம் பற்றியும் ஒரு வார்த்தை. கூட்டியோ குறைத்தோ ஒரு யார்டு, அரை யார்டு, பத்தில் ஒரு யார்டு என்று விளம்பரத்தில் போட்டிப் போட்டுக்கொண்டு சொல்வார்கள். 30 யார்டில் ஒரு யார்டு பிழை வந்தால் அம்பு அரை அங்குலம்தான் மாறும். நம்மில் யார் கை அந்த அரை அங்குலத்தைக் காக்கும்? ஒரு யார்டு துல்லியம் போதும். தசம எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

உருப்பெருக்கத்திலும் கூடுதலாக இருந்தால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். 6 மடங்கு பெருக்கும் கருவியில் 20 யார்டில் தெரியும் வட்டத்தின் அகலம் ஆறு, ஆறரை அடிதான் இருக்கும். மானின் உடம்பே அதை நிறைத்துவிடும். இலைகளுக்கு நடுவே மான் எங்கே என்று வட்டத்துக்குள் தேட வேண்டியிருக்கும். 4 அல்லது 5 மடங்கு இருந்தால் கண் சட்டென்று பிடிக்கும். மலையில் தொலைவில் இருக்கும் எல்க்கைப் பார்க்கவும் இதையே பயன்படுத்துவேன் என்பவருக்கு 6 சரி.

மூன்றாம் படி: கோணக் கணக்கு யாருக்கு வேண்டும்?

விற்பனையாளர்கள் அதிகம் பேசுவது இதைப் பற்றித்தான். வாங்குபவர்கள் அதிகம் குழம்புவதும் இதில்தான்.

மேலிருந்து கீழேயோ, கீழிருந்து மேலேயோ அம்பு விடும்போது, அது எவ்வளவு இறங்கும் என்பதைத் தீர்மானிப்பது தரைமட்டத் தூரம். நீங்கள் பார்க்கும் சாய்வுத் தூரம் அதைவிட எப்போதும் கூடுதல். 30 டிகிரி சரிவில் 40 யார்டு என்று கருவி காட்டினால், அம்பைப் பொறுத்தவரை அது சுமார் 35 யார்டு. 50 என்று காட்டினால் 43. அப்படியே 50 பின்னை வைத்து விட்டால் அம்பு குறிக்குச் சுமார் 7 அங்குலம் மேலே போய்விடும். மேலே பார்த்து விட்டாலும் கீழே பார்த்து விட்டாலும் தூரத்தைக் குறைத்துத்தான் எடுக்க வேண்டும். இதில் வித்தியாசம் இல்லை.

இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுக்கும் வசதிக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பெயர் வைத்திருக்கிறது. புஷ்னெல் ஏஆர்சி என்கிறது, லியூபோல்ட் டிபிஆர் என்கிறது, வோர்டெக்ஸ் எச்சிடி என்கிறது, சிக் சாவர் ஏஎம்ஆர் என்கிறது. வில் தூரத்தில் எல்லாம் ஏறக்குறைய ஒரே விடையைத்தான் தரும்.

சரி, பரணில் உட்காருபவருக்கு? 20 அடி உயரப் பரணிலிருந்து கருவி 20 யார்டு என்று காட்டும் மானுக்குத் தரைமட்டத் தூரம் சுமார் 19 யார்டு. வித்தியாசம் ஒரே ஒரு யார்டு. 10 யார்டில் காட்டினால் உண்மையில் ஏழரை. ஆனால் அந்தக் கிட்டத்தில் அம்பு அவ்வளவாக மாறாது. ஆகச் சமவெளியில் பரண் கட்டுபவர் கோணக் கணக்கு இல்லாத பழைய கருவியை வைத்தே காலத்தை ஓட்டலாம். அவர்களுக்கு ஒரு பழைய உத்தி உண்டு. பரணில் இருந்தபடி, மான் வரக்கூடிய இடத்துக்குப் பக்கத்தில் உள்ள மரத்தின் அடியை அளக்காமல், உங்கள் கண் உயரத்தில் இருக்கும் தண்டை அளங்கள். நேர்க்கோட்டில் அளப்பதால் வருவதே தரைமட்டத் தூரம். கணக்கே தேவையில்லை. மரம் நேராக வளர்ந்திருந்தால் போதும்.

மலைக்குப் போகிறவருக்கு இந்தப் பேச்சே இல்லை. கோணக் கணக்கு கட்டாயம்.

வீட்டில் கோல்ஃப் ரேஞ்ச்ஃபைண்டர் இருக்கிறது, அதிலும் சரிவுக் கணக்கு உண்டே என்று பலர் கேட்கிறார்கள். அதை வேட்டைக்கு எடுத்துப்போகாதீர்கள். கோல்ஃப் பந்து மேட்டில் ஏற வேண்டுமென்றால் தூரத்தைக் கூட்டிக் காட்டும் கணக்கு அது. அம்புக்கு மேட்டிலும் குறைக்க வேண்டும். 30 டிகிரி மேட்டில் அந்த எண்ணை நம்பினால் பிழை இன்னும் கூடும். சரிவுக் கணக்கை அணைத்துவிட்டால் சாதாரணத் தூரத்துக்குப் பயன்படும், அவ்வளவுதான்.

நான்காம் படி: இலையும் கிளையும்

செப்டம்பரில் வில் சீசன் தொடங்கும்போது காடு பச்சைப் பசேலென்று இருக்கும். மானுக்கும் உங்களுக்கும் நடுவே பத்துக் கிளையாவது குறுக்கே நிற்கும். கருவி அனுப்பும் அகச்சிவப்பு லேசர் ஒரே ஒரு புள்ளியில் படுவதில்லை. தூரம் போகப்போக விரிகிறது. விரிந்த கற்றையின் ஒரு பகுதி முன்னால் இருக்கும் இலையில் பட்டுத் திரும்பும், மீதி மானில் பட்டுத் திரும்பும். 27 யார்டில் நிற்கும் மானுக்கு 14 என்று எண் வருவது இதனால்தான்.

இதற்காகத்தான் சில கருவிகளில் இரண்டு முறைகள் வைக்கிறார்கள். முதலில் படுவதைக் காட்டும் முறை ஒன்று, கடைசியில் படுவதைக் காட்டும் முறை ஒன்று. இரண்டாவதைப் புஷ்னெல் கருவிகளில் புதர் முறை என்றே அழைப்பார்கள். அடர்ந்த காட்டுக்கு இரண்டாவது வேண்டும். ஆனால் அதிலும் கவனம் தேவை: மானைத் தவறவிட்டுப் பின்னால் உள்ள மரத்தைக் காட்டிவிடலாம். அதனால் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு நகர்த்தினால் எண் மாறிக்கொண்டே வரும் ஸ்கேன் வசதியும் இருக்கட்டும். முன்னால் 14, மானின் தோளில் 27, பின்னால் 41 என்று மூன்று எண்களையும் பார்த்தால் எது மான் என்பதில் சந்தேகம் வராது.

கிளையில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நேராகப் பார்த்தால் மானுக்கு வழி திறந்திருக்கும். ஆனால் அம்பு நேர்க்கோட்டில் போவதில்லை. 40 யார்டு அம்பு பாதி வழியில், உங்கள் பார்வைக் கோட்டுக்குச் சுமார் 7 அங்குலம் மேலே பறக்கிறது. அந்த உயரத்தில் விரல் தடிமன் கிளை இருந்தால் போதும், அம்பு திசை மாறிவிடும். லியூபோல்டின் ஃபுல் டிரா வரிசையில், அம்பின் வேகத்தைக் கொடுத்து வைத்தால் இந்த உச்சப் பாதையைக் கண்ணாடிக்குள்ளேயே காட்டும் வசதி இருக்கிறது. வில்லுக்கென்றே யோசித்துச் செய்தது, எனக்குப் பிடித்த அம்சம்.

அந்த விலை கொடுக்க முடியாதவருக்கும் வழி உண்டு. 40 பின்னை மானின் மேல் வைத்துக் குறிபார்க்கும்போது, 20 பின் எங்கே தெரிகிறது என்று பாருங்கள். அம்பு 20 யார்டைக் கடக்கும் இடம் அதுதான். குறுக்கே நிற்கும் கிளை 20 யார்டில் இருந்து, 20 பின் அதன் மேல் விழுந்தால், அம்பு அந்தக் கிளையில்தான் படும்.

ஐந்தாம் படி: மங்கிய வெளிச்சத்தில் எண் தெரிகிறதா?

என்னைக் கேட்டால் பணத்தை இங்கேதான் போட வேண்டும். மான்கள் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும். பல மாநிலங்களில் சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்பிருந்து மறைந்து அரை மணி வரை வேட்டையாட அனுமதி. அந்த அரை மணி நேரத்தில்தான் பெரும்பாலான வாய்ப்புகள் வருகின்றன.

விலை குறைந்த கருவிகளில் எண் கறுப்பு எல்சிடி எழுத்தில் வரும். பகலில் பளிச்சென்று தெரியும். மங்கிய நேரத்தில் பழுப்பு மானின் மேல் கறுப்பு எண் மறைந்துபோகும். எண் வந்திருக்கும், உங்களுக்குப் படிக்க முடியாது. சிவப்பாக ஒளிரும் எழுத்துள்ள கருவியில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அதன் வெளிச்சத்தைக் குறைக்க முடிய வேண்டும். மிகப் பிரகாசமான சிவப்பு எழுத்து இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கூச வைத்து, பின்னால் நிற்கும் மானையே மறைத்துவிடும். குறைந்தது மூன்று அளவுகளாவது இருக்கட்டும். சூழலுக்கு ஏற்றபடி தானே மாறும் வகையும் உண்டு, நன்றாகவே வேலை செய்கிறது. கண்ணாடி வில்லையின் தரமும் இங்கேதான் தெரியவரும்.

கடையின் டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாக் கருவியும் நன்றாகத்தான் தெரியும். முடிந்தால் சாயங்காலமாகப் போங்கள். வாசலுக்கு எடுத்துவந்து, வண்டி நிறுத்துமிடத்துக்கு அப்பால் நிற்கும் மரத்தின் நிழலை அளந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

ஆறாம் படி: கைக்கு அடக்கமா?

ஒரு கையில் வில் இருக்கும். மறு கையில், நாணைப் பிடித்து இழுத்து விடும் ரிலீஸ் கருவியை மணிக்கட்டில் கட்டியிருப்பீர்கள். மீதமிருக்கும் விரல்களால் கருவியை எடுத்து, கண்ணில் வைத்து, அளந்து, திரும்ப வைக்க வேண்டும். ஆகவே கடையில் ஒற்றைக் கையால், கையுறை போட்டுக்கொண்டு, பொத்தானைப் பார்க்காமல் அழுத்திப் பாருங்கள். பொத்தானின் 'டிக்' சத்தத்தையும் கேளுங்கள். அமைதியான காட்டில் 15 யார்டில் நிற்கும் மானுக்கு அது கேட்கும். உடம்பு வழவழப்பான பிளாஸ்டிக்காக இல்லாமல் ரப்பர் பூச்சோடு இருந்தால் பரணின் இரும்பில் தட்டினாலும் சத்தம் குறைவு.

பரணிலிருந்து கீழே விழுந்த ரேஞ்ச்ஃபைண்டரை எடுக்க இறங்குவதற்குள் அன்றைய வேட்டை முடிந்துவிடும். கயிற்றில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சோடு ஒட்டிய சிறு பை இன்னும் நல்லது. அதன் மூடி வெல்குரோவாக மட்டும் இருக்கக் கூடாது, பிரிக்கும்போது வரும் சத்தம் போதும், மான் கிளம்பிவிடும்.

ஏழாம் படி: பேட்டரி, மழை

பல கருவிகள் சிஆர்2 லித்தியம் பேட்டரியில் ஓடுகின்றன. குளிரைச் சாதாரண அல்கலைன் பேட்டரியைவிட நன்றாகத் தாங்கும். ஆனாலும் ஒரு உபரி பேட்டரி உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும். யூஎஸ்பியில் சார்ஜ் ஏற்றும் வகை வசதிதான், மலையில் நாலு நாள் தங்குபவருக்கு அல்ல.

தண்ணீர் பாதுகாப்புக்கு ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். நாள் முழுக்க மழையில் உட்காருபவர் இரண்டாவதை எடுக்கலாம். மூடுபனியில் மட்டும் விலை உயர்ந்த கருவியும் தடுமாறும். லேசர் பனித்துளிகளிலேயே பட்டுத் திரும்பிவிடும்.

எட்டாம் படி: வில்லோடு ஒட்டியதா, தனியா?

கார்மின் ஸீரோ போல, சைட்டுக்குள்ளேயே தூரம் அளந்து, அந்தத் தூரத்துக்கான பின்னை ஒளிரவைக்கும் கருவிகள் வந்துவிட்டன. நாண் இழுத்த பிறகும் அளக்க முடியும் என்பது பெரிய அனுகூலம். ஆனால் கொலராடோ போன்ற மாநிலங்களில் வில்லில் இப்படிப்பட்ட மின்னணுக் கருவியைப் பொருத்தி வேட்டையாட அனுமதி இல்லை. வாங்குவதற்கு முன் நீங்கள் வேட்டைக்குப் போகும் மாநிலத்தின் அந்த ஆண்டு விதிப் புத்தகத்தைப் படியுங்கள். விதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். கையில் பிடிக்கும் தனிக் கருவிக்கு இந்தத் தலைவலி குறைவு. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் அதையே சொல்வேன்.

ஒன்பதாம் படி: எவ்வளவு செலவு?

100 முதல் 150 டாலருக்குள் கறுப்பு எழுத்தும் கோணக் கணக்கும் உள்ள கருவி கிடைக்கும். பகல் வேளைக்கும் பயிற்சிக்கும் போதுமானது. 200 முதல் 400 வரை போனால் சிவப்பு எழுத்து, நல்ல கண்ணாடி வில்லை, முதலில் படுவதையும் கடைசியில் படுவதையும் காட்டும் இரண்டு முறைகள் எல்லாம் வந்துவிடும். வில் வேட்டைக்காரர்களில் பெரும்பாலோருக்கு இதற்கு மேல் தேவை இல்லை. 500-க்கு மேல் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி, நாம் ஏற்கெனவே ஒதுக்கிவைத்த அந்தத் தொலைதூர எண்ணுக்குப் போகிறது. தூரம் அளக்கும் பைனாகுலர் இன்னும் விலை, எடையும் அதிகம். எல்க் மலையில் இரண்டு கருவி சுமப்பதற்குப் பதில் ஒன்று என்ற வகையில் மட்டும் அதற்கு நியாயம் உண்டு.

பத்தாம் படி: வாங்கிய பிறகு

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். டேப்பால் 20, 30, 40 யார்டு அளந்து குச்சி நட்டு, ஒவ்வொன்றையும் பலமுறை அளந்து பாருங்கள். கண்ணாடியில் தெரியும் குறி ஒரு பக்கமும் லேசர் ஒரு பக்கமும் போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பின்னால் வெட்டவெளியாக இருக்கும் ஒற்றைக் கம்பத்தின் மேல் குறியை இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்துங்கள். குறி கம்பத்தைத் தொடும்போதுதான் எண் மாற வேண்டும். தொடுவதற்கு முன்போ, தாண்டிய பின்போ மாறினால் அந்தக் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், இந்தக் கருவியால் அளந்த தூரத்திலேயே நின்று வில்லின் பின்களைச் சரிசெய்யுங்கள். மைதானத்தில் யாரோ நட்ட 30 யார்டுப் பலகை உங்கள் கருவியில் 31 என்று காட்டலாம். பின்னும் கருவியும் ஒரே அளவைப் பேசினால், இரண்டும் டேப்போடு கொஞ்சம் ஒத்துப்போகாவிட்டாலும் அம்பு சரியாகப் போகும்.

பரணில் ஏறி உட்கார்ந்ததும், மான் வருவதற்கு முன்பே சுற்றிலும் அளந்துவிடுங்கள். வெட்டிய அடிமரம் 18, வெள்ளைப் பட்டை மரம் 24, ஓடையின் வளைவு 33 என்று நாலைந்து அடையாளங்கள் போதும். உங்கள் எல்லை 30 என்றால், அந்த 30 எங்கே விழுகிறது என்று நாலு பக்கமும் பார்த்து மனதில் ஒரு வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். மான் கண்ணில் பட்டபின் அளக்க வேண்டியிருந்தால், அதன் தலை மரத்துக்குப் பின்னால் மறையும் வரை பொறுத்துக் கையைத் தூக்குங்கள். அளந்த பிறகு அது நாலடி நகர்ந்துவிட்டால் திரும்பவும் கருவியைத் தேடாமல் பக்கத்தில் இருக்கும் அடையாளத்தை வைத்து முடிவெடுங்கள். வட்டத்துக்கு வெளியே போய்விட்டால் வில்லை இறக்கிவிடுங்கள்.